சரிவில் பூத்ததை வெட்டும் முன்

மலைச்சாலைகளை அமைக்கிற, பராமரிக்கிற பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும், சாலையோரம் புல் வெட்டும் குழுக்களுக்கும்,



தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய மலைச்சாலையை அறியாத மலேசியத் தமிழர் குறைவு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் அந்த வழியாகத்தான் ஏறின, இறங்கின. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறித்துவைத்தார். சாலை மேலே வந்து சேர 1930-களின் தொடக்கம் ஆகிவிட்டது. கருங்கல் மலை காலங்காலமாக மக்கி உண்டான செம்மஞ்சள் மண்ணை வெட்டி, வளைவுக்கு மேல் வளைவாகப் போட்ட சாலை அது. பிறகு வேறு திசைகளிலிருந்தும் அகலமான சாலைகள் ஏறின. மலை இன்னும் ஆழமாக வெட்டப்பட்டது.

ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடத்தில், வெட்டிய சரிவு என்றதும் உங்களுக்கு மண்சரிவு பற்றிய கவலைதான் முதலில் வரும். அது நியாயம். சரிவில் எது முளைத்தாலும் பதிவேட்டில் அது 'புல்' என்ற ஒரே தலைப்பில் ஏறுவதும், முறை வந்தால் இயந்திரம் அதை வழித்துவிடுவதும் பல நாடுகளில் வழக்கம். அந்தத் தலைப்பின்கீழ் அடங்காத சில செடிகளைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலாவது, மூங்கில் ஆர்க்கிட். தாவரவியலில் அருண்டினா கிராமினிஃபோலியா. பூக்காதபோது பார்த்தால் நாணல் என்றே சொல்வோம்: குச்சி குச்சியாகத் தண்டு, புல்லைப் போல இலை, இடம் வாய்த்தால் ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை. வெளிர் ஊதா இதழ்கள், நடுவில் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவில் ஓர் அகன்ற உதடு. ஒரு பூ சில நாள்தான் நிற்கும், அது உதிரும்போது அடுத்த மொட்டு விரியும். ஏறக்குறைய ஆண்டு முழுதும் இப்படியே ஓடும். இலங்கை, இந்தியா முதல் தென்சீனா, இந்தோனேசியா வரை இதன் சொந்த ஊர். கேமரன் மலைச் சாலையோரங்களில் இது சர்வசாதாரணம். கூடவே மஞ்சள் பூப்பூக்கும் ஸ்பாத்தோகுளோட்டிஸ் ஆரியா என்னும் தரை ஆர்க்கிட்டும் இருக்கும். சுற்றிலும் ரெசாம் பெரணி, செண்டுடுக் புதர், ஈரமான திட்டுகளில் பாசி, அதிர்ஷ்டம் இருந்தால் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி.

ஆர்க்கிட் என்றால் பூங்கொத்துக் கடையில் கண்ணாடித் தாளுக்குள் இருக்கும் செல்லப் பிள்ளை என்று நினைப்பவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். உரமில்லாத, வெயில் சுடும், மழை அரிக்கும் வெட்டுமண்ணில் அதற்கு என்ன வேலை?

பதில் விதையிலிருந்து தொடங்குகிறது. ஆர்க்கிட் விதை தூசு போன்றது. பல இனங்களில் ஒரு விதையின் எடை சில மைக்ரோகிராம்தான். பெரும்பகுதி காற்றடைத்த உறை, அதற்குள் ஒரு சிறு கரு. நெல்லிலும் அவரையிலும் இருப்பதுபோல் நாற்றுக்கான உணவுச் சேமிப்பு இதில் கிடையாது. கட்டுச்சோறு இல்லாமல் நெடும்பயணம் புறப்பட்டவர்களைப் போல இந்த விதைகள் கிளம்புகின்றன. சுமை இல்லாததால் வெகுதூரம் போக முடிகிறது, போன இடத்தில் யாராவது சோறு போட்டால்தான் பிழைப்பு. எண்ணிக்கையில்தான் தாராளம். சார்லஸ் டார்வின் ஐரோப்பிய ஆர்க்கிட் ஒன்றின் காயைப் பிரித்து எண்ணி, ஒரே செடியில் 1,86,300 விதைகள் என்று கணக்கிட்டார். அத்தனையும் முளைத்தால் அந்த ஒரு செடியின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளே உலகத்து நிலப்பரப்பை ஏறக்குறைய மூடிவிடும் என்பதும் அவர் போட்ட கணக்குதான். வெப்பமண்டல இனங்கள் சிலவற்றில் ஒரே காயில் பத்து லட்சத்துக்கு மேல் விதை இருக்கும்.

சோறு போடுவது யார் என்பது 1899-இல் தெரிந்தது. பிரான்சில் ராணுவச் சேவையில் இருந்த நோயெல் பெர்னார் என்ற இளம் தாவரவியலாளர் ஃபோன்டேன்புளோ காட்டில் ஓர் ஆர்க்கிட்டின் காய் மக்கிய இலைகளுக்கடியில் புதைந்து, உள்ளிருந்த விதைகள் முளைத்திருப்பதைக் கண்டார். நாற்று ஒவ்வொன்றுக்குள்ளும் பூஞ்சை இழை இருந்தது. பூஞ்சை விதைக்குள் நுழைகிறது, விதை அந்த இழைகளைச் செரித்து அதிலிருந்து சர்க்கரையும் சத்தும் எடுத்துக்கொள்கிறது. பச்சை இலை விரித்துச் சொந்தக் காலில் நிற்கும்வரை ஆர்க்கிட் நாற்று, பூஞ்சையின் செலவில் வளரும் பிள்ளை. 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த கூழில் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். எரிக் ஹோல்ட்டம் 1928-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் கலப்பினப் பணியைத் தொடங்கியபோது அந்தக் கூழ்முறையைத்தான் கையாண்டார். இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் அந்தக் கூழ்முறை வழி வந்தவையே. சாலைச் சரிவில் முளைத்ததோ பழைய வழியில் வந்தது.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். எல்லா ஆர்க்கிட்டுக்கும் எல்லாப் பூஞ்சையும் ஒத்துவராது. காட்டு நிழலில் வாழும் சில இனங்களுக்கு, பெருமரங்களின் வேரோடு உறவு வைத்திருக்கும் பூஞ்சைதான் வேண்டும். மரம் போனால் பூஞ்சை போகும், பூஞ்சை போனால் ஆர்க்கிட்டும் போகும். மூங்கில் ஆர்க்கிட் போன்றவை அப்படிப் பிடிவாதம் பிடிப்பதில்லை. மக்கும் குச்சி, பாசி, சருகு இவற்றை உண்டு எங்கும் பரவி வாழும் மண் பூஞ்சைகளோடு அவற்றுக்குச் சரிப்பட்டுவிடுகிறது. அதனால் கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் பாசியும் கண்ட வெட்டுச்சரிவில் அவை காலூன்றிவிட முடிகிறது.

சத்தில்லாத மண்ணும் இவற்றுக்குப் பாதகமில்லை. வளமான மண்ணில் புல்லும் கொடியும் ஒரே பருவத்தில் ஏறி மூடிவிடும். முளைத்து இலை விடவே மாதக்கணக்காகும் ஓர் ஆர்க்கிட் நாற்று அந்தப் போட்டியில் தோற்றுப்போகும். வெட்டுமண்ணில் போட்டி குறைவு, வெளிச்சம் ஏராளம், மலையின் உள்ளேயிருந்து கசியும் நீரும் மூடுபனியும் ஈரம் தருகின்றன. மற்ற செடிகள் தயங்குகிற இடத்தில் இதற்கு இடம் கிடைக்கிறது.

உங்கள் இயந்திரங்கள் வருவதற்கு முன்பும் இதற்கு இடம் இருந்தது. வெப்பமண்டல மலைகள் தாமாகவே சரிபவை. பெருமழையில், நிலநடுக்கத்தில், ஆற்றரிப்பில் பச்சைக் காட்டுக்கு நடுவே மண் வழன்று விழும். அந்தக் காயங்களும், காற்றடிக்கும் பாறை முகடுகளும், ஆற்றோரப் பாறைகளும்தான் இவற்றின் பழைய வீடு. சாலைக்காக வெட்டிய மண்ணையும் இயற்கையாகச் சரிந்த மண்ணையும் அந்தத் தூசு விதையால் பிரித்தறிய முடியாது. ஆண்டீஸ் மலையிலும் இதே கதை. பெருவில் மாச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையோரம் ஆள் உயரத் தண்டில் பெரிய பூவோடு சோப்ராலியா ஆர்க்கிட்டும், கொத்துக் கொத்தாகச் சிறு பூக்களோடு எபிடென்ட்ரம் செகுண்டமும் திறந்த சரிவுகளில் நிற்கின்றன. அந்த எபிடென்ட்ரத்தின் உள்ளூர்ப் பெயர் வின்யாய் வய்னா. பாதையில் இருக்கும் இன்கா இடிபாடு ஒன்றுக்கும் அதே பெயர்தான்.

எவ்வளவு விரைவாக வருகின்றன என்பதற்குச் சான்று மலையில் இல்லை, கடலில் இருக்கிறது. 1883 ஆகஸ்டில் கிரக்கட்டோவா எரிமலை வெடித்துத் தீவின் பெரும்பகுதியை விழுங்கியது. மிஞ்சிய நிலம் கொதிக்கும் சாம்பலடியில் புதைந்தது. ஜாவா, சுமத்ரா கரைகள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தன. 1886-இல் தாவரவியலாளர் மெல்கியோர் ட்ரொய்ப் போய்ப் பார்த்தபோது பெரும்பாலும் பெரணிகள்தான். 1897-இல் மறுபடி கணக்கெடுத்தபோது புல்வெளியில் மூங்கில் ஆர்க்கிட்டும், ஊதாப் பூப்பூக்கும் ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகாட்டாவும் வந்து சேர்ந்திருந்தன. பதினான்கே ஆண்டுகளில், கடலைத் தாண்டி, சாம்பல்மேட்டுக்கு! கிரக்கட்டோவாவில் பிறகு காடு வளர்ந்து மூடியதும் திறந்தவெளி ஆர்க்கிட்டுகளுக்கு இடம் சுருங்கியது, மரத்தில் தொற்றும் இனங்கள் பின்னால் வந்தன.

ஆக, வெட்டுச்சரிவு இந்த ஆர்க்கிட்டுகளுக்கு நிலையான குடியிருப்பு இல்லை. சரிவு நிலைத்ததும் ரெசாம் பெரணி பின்னிப் பிணைந்து படர்ந்துவிடும். அந்தப் புதர் அடர்ந்தபின் அடியில் எந்த நாற்றுக்கும் வெளிச்சம் போகாது. அதற்குள் பூத்து, காய்த்து, விதையை அடுத்த வெற்றுமண்ணுக்கு அனுப்பியாக வேண்டும்.

காய்ப்பதற்குத் துணை வேண்டும். மூங்கில் ஆர்க்கிட்டுக்குக் கருவண்டு போன்ற பெரிய தேனீயினங்கள் வருகின்றன. பூவுக்கு வெளியே சுரக்கும் தேனுக்கு எறும்புகள் வருகின்றன. ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகாட்டாவின் சில வகைகள் யாருக்கும் காத்திருப்பதில்லை, தாமே தம்மைக் கருவுறச் செய்துகொள்ளும். புதிய இடத்தில் ஒற்றைச் செடியாக வந்து விழுந்தாலும் வம்சம் தொடரும்.

மத்திய அமெரிக்க மலைச்சாலைகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. எபிடென்ட்ரம் ராடிகன்ஸ் என்ற ஆர்க்கிட், ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த பூக்கொத்தோடு, சாலையோர வெட்டுமண்ணில் உண்ணிச்செடிக்கும் ஒருவகைப் பாற்செடிக்கும் பக்கத்தில் நிற்கும். மூன்றும் தூரத்துப் பார்வைக்கு ஒரே நிறம். நீலகிரிக்காரர்களுக்கு அந்த உண்ணிச்செடியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கிருந்து வந்து நம் காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் அதே செடிதான். உண்ணிச்செடியும் பாற்செடியும் வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் தருகின்றன. இந்த ஆர்க்கிட் எதுவும் தருவதில்லை. தேன் தருபவற்றின் வேடம் போட்டு ஏமாற்றுகிறது என்று 1980-இல் பனாமாவில் ஆய்ந்த ஒருவர் எழுதினார். அடுத்த ஆண்டே கோஸ்டாரிகாவில் செய்த ஆய்வு, பக்கத்தில் அந்தச் செடிகள் இருப்பதால் ஆர்க்கிட்டுக்குக் கூடுதல் ஆதாயம் ஒன்றும் தெரியவில்லை என்று மறுத்தது. கண்ணுக்குப் பட்டெனத் தெரிகிற ஒற்றுமையே ஆதாரமாகிவிடாது என்பதற்கு அறிவியல் வகுப்புகளில் காட்டத் தகுந்த வழக்கு.

இவ்வளவும் படித்தபின் உங்களில் ஒருவர் கேட்கலாம்: மலையை வெட்டினால் ஆர்க்கிட் வருகிறது என்றால், வெட்டுவது நல்லதுதானே?

இல்லை. சுற்றுச்சூழல் அறிக்கையின் அட்டையில் சரிவு ஆர்க்கிட்டின் வண்ணப்படத்தைப் போட்டு, "இயற்கை மீண்டது" என்று எழுதும் ஆசை யாருக்காவது இருந்தால் அதை இப்போதே விட்டுவிட வேண்டும். உலகில் இதுவரை அறியப்பட்ட ஆர்க்கிட் இனங்கள் ஏறத்தாழ 28,000. அவற்றில் 70 விழுக்காட்டுக்கு அருகில் மரங்களில் தொற்றி வாழ்பவை. பாசி போர்த்திய கிளை, பழைய மரப்பட்டை, மாறாத ஈரம் இவை இல்லாமல் அவை இல்லை. கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சியைச் சூழ்ந்த பாசிக்காட்டில் ஒரு மரம் விழுந்தால் அதனோடு விழும் ஆர்க்கிட்டுகள் வெட்டுச்சரிவுக்கு இறங்கி வந்து பிழைக்கப்போவதில்லை. சரிவில் பூப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்கள், எங்கும் வரக்கூடியவை. அவை வந்திருப்பதற்கு 'இங்கே மண் திறந்து கிடக்கிறது' என்பதற்கு மேல் பொருள் எதுவும் இல்லை.

திறந்து கிடக்கும் மண் கீழே என்ன செய்யும் என்பதும் கேமரன் மலைக்குத் தெரியும். காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் வழித்த மண் ஓடைகளில் இறங்கி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவருகிறது. 2013 அக்டோபரில் அங்குள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் உயிர்ப்பலி வாங்கியது.

வெளியூர் ஆர்க்கிட்டின் கதை இன்னும் சிக்கலானது. ஹவாயில் இயல்பாக இருந்த ஆர்க்கிட் இனங்கள் மூன்றே மூன்று. மூன்றும் சிறியவை, காட்டுக்குள் ஒதுங்கியவை, ஒன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. கிளாவேயா எரிமலையில் கந்தக ஆவி கிளம்பும் இடத்தருகே கூட்டமாகப் பூத்து நின்று, பயணிகளின் கைப்பேசியில் இடம்பிடிப்பது நம் மூங்கில் ஆர்க்கிட். ஆசியாவிலிருந்து தோட்டச் செடியாகப் போய், வேலி தாண்டி, எரிமலைக் குழம்பு உறைந்த நிலத்திலும் சாலையோரத்திலும் குடியேறிவிட்டது. சொந்த ஊரில் பாராட்டுக்குரிய அதே சுறுசுறுப்பு அங்கே தலைவலி.

போர்ட்டோ ரிக்கோவில் நடந்தது இதைவிட நுணுக்கமானது. அங்கே தோட்டத்திலிருந்து தப்பிப் பரவிய ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகாட்டா, பிளீஷியா பட்டுலா என்ற உள்ளூர் ஆர்க்கிட் வளரும் சரிவுகளில் சேர்ந்துகொண்டது. இரண்டும் இடத்துக்காக நேரடியாக அடித்துக்கொள்ளவில்லை. உள்ளூர் ஆர்க்கிட்டின் பூவையும் காயையும் தின்னும் கூன்வண்டு ஒன்று உண்டு. வந்த செடி எங்கும் ஏராளமாகப் பூத்ததால் வண்டுக்குத் தட்டுப்பாடில்லாத விருந்து, வண்டுகள் பெருகின. பெருகிய வண்டுகள் உள்ளூர் ஆர்க்கிட்டையும் கூடுதலாகத் தாக்கி அதன் காய்ப்பைக் குறைத்தன. 2013-இல் ஜேம்ஸ் ஆக்கர்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது. சாலையோரத்தை அழகாக்கவென்று கலப்பின ஆர்க்கிட்டை வாங்கி நடும் எண்ணம் உங்கள் திட்டத்தில் இருந்தால், இதைப் படித்தபின் ஒருமுறை யோசியுங்கள்.

இனி, உங்களிடம் கேட்க வேண்டியவை. உயிரைக் காக்கும் வேலையில் விட்டுக்கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. வடிகால், மண்ணுக்குள் இறக்கும் எஃகுக் கம்பி, தேவைப்படும் இடத்தில் சிமெண்ட் பூச்சு, இவை எல்லாம் போட்டுத்தான் ஆக வேண்டும். பேருந்து வரும் வளைவில் பார்வையை மறைக்கும் எதையும், அது ஆர்க்கிட்டே ஆனாலும், வெட்டத்தான் வேண்டும். அதற்கு அப்பால், சரிவின் மேல்பாதியில் யார் பார்வையையும் மறைக்காமல் நிற்பவற்றையும் ஏன் வழிக்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலும் 'சுத்தமாகத் தெரிய வேண்டும்' என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காது. அந்தப் பாதியை விட்டுவையுங்கள்.

வெட்டியே ஆக வேண்டிய இடத்தில், காய் பழுத்து வெடிக்கும்வரை காத்திருந்து வெட்டினால் வேலை ஒன்றும் கெட்டுவிடாது. பச்சைக்காயோடு வெட்டினால் அத்தனை விதையும் வீண், நெற்று வெடித்தபின் வெட்டினால் ஊருக்கே விதை போய்ச் சேர்ந்திருக்கும். களைக்கொல்லி அடிப்பது வேறு விஷயம்: செத்த செடியின் வேர் பிடி தளர்ந்த சரிவு அடுத்த மழையில் என்ன ஆகும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. புதிய சரிவுகளில் அயல்நாட்டுப் புல் விதையை உரத்தோடு கரைத்துப் பீய்ச்சும் பழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யலாம். உடனடியாக அரிக்கக்கூடிய இடங்களுக்கு அது தேவை. ஆனால் உறுதியான, பாறை கலந்த சரிவுகளில் உரமும் அடர்புல்லும் சேர்ந்து, மெதுவாக வரும் உள்ளூர்ச் செடிகளுக்குக் கதவடைத்துவிடுகின்றன.

சாலையை அகலப்படுத்தக் காட்டு மரங்களைச் சாய்க்க நேரும்போது, சாய்த்த மரத்தை லாரியில் ஏற்றுவதற்கு முன் அருகிலுள்ள தாவரவியல் பூங்காவுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். கிளையில் தொற்றியிருக்கும் ஆர்க்கிட்டுகளைப் பிரித்தெடுத்துப் போக அவர்களால் முடியும். அரிய இனங்கள் உண்மையில் அங்கேதான் இருக்கின்றன.

உங்கள் தொழிலாளர்களிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். சரிவிலிருந்து ஆர்க்கிட்டைப் பிடுங்கி, சாலையோரக் கடையில் நெகிழிப் பையில் விற்பது பல மலைவாசத்தலங்களில் நடக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. மலேசியாவில் அதை நடைமுறைப்படுத்தத் தனிச் சட்டமே 2008-இல் வந்தது. ஆசைப்பட்டு அப்படி விற்கும் ஆர்க்கிட்டை வாங்கி எல்லை தாண்டும் பயணி சட்டச் சிக்கலில் மாட்டலாம். பிடுங்கிய செடியும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வேரோடு இருந்த பூஞ்சையும் ஈரமும் கூடவே வருவதில்லை.

அடுத்த பராமரிப்பு ஒப்பந்தம் எழுதும்போது 'புல் வெட்டுதல்' என்ற வரிக்குக் கீழே இரண்டு வரி கூடுதலாகச் சேருங்கள்: சரிவின் மேல்பாதியை வெட்ட வேண்டியதில்லை, களைக்கொல்லி தெளிக்கக் கூடாது. இதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை, வெட்டும் பரப்பு குறைவதால் செலவும் குறையும்.